ஸ்விட்சைச் சன்ன ஒயரில் போடுங்கள், தடித்த ஒயரில் வேண்டாம்

கேள்வி: அண்ணா, பழைய சைக்கிளுக்கு 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் கிட் மாட்டி ஓட்டுகிறேன். டிஸ்ப்ளே கிடையாது. ஆன்-ஆஃப் சாவி பேட்டரிப் பெட்டியில், சீட்டுக்குக் கீழே இருக்கிறது. போன வாரம் சந்தைக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது கை ஆக்சிலேட்டரில் பட்டு, வண்டி தாவிப்போய் ஒரு பாட்டியின் தக்காளிக் கூடையில் முட்டிவிட்டது. ஹேண்டில்பாரிலேயே ஸ்விட்ச் வைக்கலாமா? எலக்ட்ரீஷியன் ஒருவர், பேட்டரி ஒயரை வெட்டி நடுவில் வீட்டு லைட் ஸ்விட்ச் ஒன்றைப் போட்டால் போதும் என்கிறார்.
- ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: தாராளமாக வைக்கலாம் தம்பி. ஆனால் அந்த எலக்ட்ரீஷியன் சொல்கிற இடத்தில் வேண்டாம். பேட்டரியிலிருந்து கண்ட்ரோலருக்கு, அதாவது மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற பெட்டிக்கு, போகும் தடித்த சிவப்பு ஒயர் இருக்கிறதே, ஏற்றத்தில் அதில் 14, 15 ஆம்பியர் வரை ஓடும். வீட்டு லைட் ஸ்விட்ச் பெரும்பாலும் 6 ஆம்பியர்தான் தாங்கும், அதுவும் ஏசி மின்சாரத்துக்கு. ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் ஸ்விட்சை அணைக்கும்போது வருகிற தீப்பொறி தானாக அறுந்துவிடும், பேட்டரியின் டிசி கரண்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை, பொறி நீண்டுகொண்டே நின்று முனைகளைத் தின்னும். போதாததற்கு கண்ட்ரோலருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ஒரே மடக்கில் கரண்டை இழுக்கும். கொஞ்ச நாளில் முனைகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நீங்கள் ஆஃப் என்று நினைத்துத் தட்டினாலும் வண்டி ஆஃப் ஆகாது. அதைவிட ஸ்விட்சே இல்லாமல் இருப்பது மேல்.

கண்ட்ரோலரின் பேட்டரி ஒயர்களுக்குப் பக்கத்தில், தடித்த சிவப்பு, கருப்பு போக, சன்னமாக ஒரு ஒயர் தனியாக வரும். சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், கிட்டோடு வந்த வரைபடத்தைப் பாருங்கள், இல்லையென்றால் கிட் விற்றவரிடமே 'இக்னிஷன் ஒயர் எது' என்று கேளுங்கள். இந்த ஒயருக்கு பேட்டரியின் பாசிட்டிவ் போனால்தான் கண்ட்ரோலர் விழிக்கும், ஆக்சிலேட்டருக்கு 5 வோல்ட் கொடுக்கும். உங்கள் வண்டியில் அதைத் தடித்த சிவப்போடு சேர்த்து முடிந்துவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த முடிச்சைப் பிரித்து நடுவில் ஸ்விட்சைப் போட்டால் வேலை முடிந்தது. இதில் ஓடும் கரண்ட் சொற்பம் என்பதால் சின்ன ஸ்விட்சே போதும். ஆனால் 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும், டிசியில் அதற்கு மேல் தாங்கும் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பைக் ஹாரன் பட்டனை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது விரலை எடுத்தால் அணைந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். சன்ன ஒயர் புறப்படும் இடத்தில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஹேண்டில் வரை போகிற ஒயர் என்றைக்காவது உரசி, எதிர் ஒயரோடு ஒட்டிக்கொண்டால் எரிய வேண்டியது ஃபியூஸ்தான், ஒயர் அல்ல. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடாமல் சால்டரிங் செய்து ஸ்லீவ் போடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒயருக்குத் தளர்வு விடுங்கள். ஐப்பசி மழையில் ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் நேரே ஸ்விட்சுக்குள் இறங்காதபடி கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டினால் நல்லது.

பிரேக் லீவரில் வரும், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் கட்-ஆஃப் ஒயரில் ஸ்விட்ச் போட்டும் மோட்டாரை நிறுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நடக்கும்தான், எனக்குப் பிடிக்காது. அந்த ஒயர் அறுந்தால் மோட்டார் உயிரோடு இருக்கும், இக்னிஷன் ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்கும். சந்தைக்குள் தள்ளுகிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். சால்டரிங் எல்லாம் நமக்கு ஆகாது என்றால், ஆன்-ஆஃப் பட்டனோடு வருகிற ஆக்சிலேட்டரே கடையில் கிடைக்கிறது, 36 வோல்ட்டுக்கா 48 வோல்ட்டுக்கா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் இரவில் பேட்டரி சாவியையும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இந்த ஸ்விட்ச் கண்ட்ரோலரைத் தூங்கவைக்கிறது, அவ்வளவுதான், தடித்த ஒயரில் வோல்ட் அப்படியேதான் நிற்கும்.

பாட்டிக்குத் தக்காளிக் காசைக் கொடுத்தீர்களா, இல்லையா? அதை எழுதவில்லையே.

கேள்வி: பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த மாதிரி ஸ்விட்சை அணைத்தால் மோட்டார் கெடுமா?
- ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: கெடாதம்மா. கியர் வைத்த ஹப் மோட்டார் என்றால் சக்கரம் தன் போக்கில் சுற்றும், மோட்டாருக்குத் தெரியவே தெரியாது. கியர் இல்லாத வகையாக இருந்து, பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஆகிற வசதியும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும், ஸ்விட்சை அணைத்ததும் அந்த இழுவை போய்விடும், வண்டி நீங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமெடுக்கும். அப்படிச் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது தடித்த ஒயரைத் துண்டித்தால் வோல்ட் எகிறி கண்ட்ரோலரே போகலாம், காரிமங்கலத்துக்காரருக்குச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். எதற்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் முன் பிரேக் கட்டைகளைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் கம்பெனி எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இப்படி ஒன்று போடலாமா? வாரண்டி இன்னும் இருக்கிறது.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். ஒயரை வெட்டினால் வாரண்டி போகும். ஏத்தரும் ஐக்யூபும் தயாராகிற ஊரில் இருந்துகொண்டு எனக்கு ஏன் எழுதுகிறீர்கள், சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதற்கு முன் வலது கைப்பிடிப் பக்கம் மோட்டாரை உடனே நிறுத்தும் கில் ஸ்விட்ச் ஒன்று ஏற்கனவே இருக்கிறதா என்று பாருங்கள், பல ஸ்கூட்டர்களில் இருக்கும்.