ஊது ஊதுன்னு கத்துறாங்களே, அந்த டெஸ்ட் பத்தி கேட்டிருந்தீங்க

கொழும்புல இந்த ஊதுற டெஸ்ட் (ஸ்பைரோமெட்ரி, நுரையீரல் எப்படி வேல செய்யுதுன்னு ஊத விட்டுப் பாக்கிறது) எடுக்கிறதுதான் எனக்கு வேலை, அதாவது பக்கத்துல நின்னு "இன்னும் இன்னும் விடாதீங்க" ன்னு கத்துற ஆள் நான்தான். வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ரிப்போர்ட் நம்பரப் பத்தி, அதுலயே தொடங்குறேன்.

வெள்ளவத்தை தங்கச்சி ஒருத்தர்: அப்பாக்கு எஃப்.ஈ.வி.1 62% ன்னு இருக்கு. நுரையீரல்ல 38% போயிட்டுதா?

இல்லம்மா, பயப்படாதீங்க. முதல் 1 செக்கன்ல எவ்வளவு காத்து வெளிய வந்திச்சுங்கறதுதான் அது, அத அதே வயசு அதே உயரத்துல சுகமா இருக்கிற ஒரு ஆம்பளைக்கு சராசரியா வர்ற அளவோட ஒப்பிட்டுத்தான் 62 ன்னு போடுறது. அதுக்கு முதல் நீங்க பாக்க வேண்டியது ரேஷியோவ, அதாவது முழுசா ஊதின காத்துல எவ்வளவு பங்கு முதல் செக்கன்லயே வந்திச்சுங்கறது. பஸ்ஸுக்குள்ள 50 பேர் இருக்காங்கன்னு வைங்க, கதவு பாதிதான் திறக்குதுன்னா எல்லாரும் இறங்குவாங்க ஆனா நேரம் எடுக்கும், அப்படித்தான் மூச்சுக்குழாய் சுருங்கினாலும். 3 லீட்டர் ஊதி அதுல 1.5 தான் முதல் செக்கன்ல வந்தா ரேஷியோ 0.5. மூச்சுக்குழாய விரிக்கிற மருந்து பம்ப் (இன்ஹேலர்) அடிச்ச பிறகும் 0.7 க்கு கீழன்னா அடைப்பு இருக்கு, கன காலம் சிகரெட் குடிச்சவர்னா டொக்டர் முதல்ல சீ.ஓ.பீ.டி. யத்தான் (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடுற நுரையீரல் வருத்தம்) யோசிப்பார்.

ரேஷியோ சரி, ஆனா முதல் செக்கன் அளவு, முழு அளவு ரெண்டும் குறைவுன்னா நுரையீரல் விரியிறது குறைஞ்சிருக்கலாம், இல்லாட்டி அப்பா ஒழுங்கா ஊதல்ல, அவ்வளவுதான். இது நிறைய நடக்கும். கட்டுப் பல்லு லூசா இருந்து வாய் ஓரத்தால காத்துப் போன ஐயாமார் எத்தன பேர பார்த்திருக்கேன். ஆகக் குறைஞ்சது 3 நல்ல ஊதல் வேணும், அதுல நல்ல ரெண்டும் 150 மில்லிலீட்டருக்குள்ள ஒத்து வரணும், அது வராம வந்த ரிப்போர்ட்ட நான் பெருசா நம்ப மாட்டேன்.

கொட்டாஞ்சேனைல இருந்து ஒருத்தர்: காலைல நீல பம்ப் அடிச்சிட்டுப் போனேன், நோர்மல்னு வந்திச்சு. அப்ப எனக்கு ஆஸ்துமா இல்லையா?

அப்படிச் சொல்லேலாது. நீல பம்ப் (உடனே மூச்சுக்குழாய விரிக்கிறது) டெஸ்டுக்கு 4 மணித்தியாலத்துக்கு முதல்லயே நிப்பாட்டணும், மத்த பம்ப எப்ப நிப்பாட்டணும்னு கிளினிக்ல கேளுங்க, மூச்சு முட்டினா மட்டும் நீல பம்ப அடிங்க, அடிச்சத எங்கள்ட்ட மறைக்காம சொல்லுங்க. ஏன்னா பம்புக்கு முதல் ஒருக்கா, அடிச்சு 15 நிமிஷம் போல கழிச்சு ஒருக்கா ஊத விட்டு எவ்வளவு கூடுதுன்னுதான் பாக்கிறது. வழக்கமான கணக்கு 12 வீதமும் 200 மில்லிலீட்டரும் கூடணும், 2 லீட்டர் 2.3 ஆனா நல்லாவே கூடியிருக்கு. இன்னொன்னு, ஆஸ்துமா வந்து வந்து போற வருத்தம், சுகமா இருக்கிற நாள்ல ஊதினா நோர்மலாவும் வரலாம். பீக் ஃப்ளோ மீட்டர் (எவ்வளவு வேகமா ஊதுறீங்கன்னு காட்டுற சின்னக் கருவி) ஒன்ன வச்சு வீட்டுல காலையும் பின்னேரமும் ஊதி கொப்பில எழுதிட்டுப் போங்க, டொக்டருக்கு அது பெரிய உதவி.

விரல்ல மாட்டுற மெஷின்ல 98 காட்டுது, பிறகேன் படி ஏற மூச்சு வாங்குது?

அது இரத்தத்துல ஒக்சிஜன மட்டும்தான் பாக்கும், குழாய் சுருங்கியிருக்கிறது அதுக்குத் தெரியாது. இதயம், இரத்தச்சோகை கூட காரணமா இருக்கலாம், போய்க் காட்டுங்க. நகத்துல கியூடெக்ஸ் இருந்தா அழிச்சிட்டு மாட்டுங்க.

அம்மாக்கு போன கிழமைதான் கண்ணுல கட்டரக்ட் ஒப்பரேஷன். ஊதலாமா?

இப்ப வேணாம். முக்கி ஊதுறப்ப கண்ணுக்குள்ள அழுத்தம் கூடும். கண் டொக்டர் சரின்னா பிறகு திகதி எடுங்க. கிட்டடில ஹார்ட் அட்டாக் வந்தவங்களும் சளியோட இரத்தம் போறவங்களும் ஊதுறதுக்கு முதல்லயே எங்கள்ட்ட சொல்லிடணும்.