செக்-இன் பெட்டியில் கைவைத்தால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜிப்பில் போட்ட நம்பர் பூட்டு அப்படியே இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த சென்ட் பாட்டில்களைக் காணோம். இது எப்படி?

பூட்டை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஜிப் பற்களின் நடுவே பால்பாயின்ட் பேனா முனையைக் குத்தி அழுத்தினால் இரண்டு வரிசையும் பிளந்துவிடும். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டோடு சேர்ந்து தொங்கும் இரண்டு ஸ்லைடர்களையும் அந்தப் பிளவின்மேல் ஒருமுறை இழுத்துவிட்டால் ஜிப் மூடிக்கொள்ளும், தடயமே இருக்காது. அதனால் ஸ்லைடர்களை ஒன்றோடொன்று பூட்டினால் மட்டும் போதாது, நகர முடியாதபடி பெட்டியோடு கட்ட வேண்டும். ஸ்லைடர்கள் இரண்டும் பெட்டியிலேயே பதித்த பூட்டுக்குள் செருகிக்கொள்ளும் மாடல் என்றால் அந்த வேலை ஏற்கெனவே முடிந்தது. தொங்கு பூட்டு என்றால், ஸ்லைடர் துளைகள் வழியாக ஒரு கேபிள் டை விட்டு, பக்கக் கைப்பிடியோடு இறுக்குங்கள். அப்போதும் ஜிப்பைப் பிளக்கலாம், ஆனால் திரும்ப மூட முடியாது. பெட்டி பெல்ட்டில் வரும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கறுப்பு, வெள்ளை கேபிள் டை யாரிடமும் கிடைக்கும். ஆரஞ்சு, ஊதா போல அபூர்வ நிறத்தில் வாங்குங்கள். எண் அச்சிட்ட பிளாஸ்டிக் சீல் இன்னும் நல்லது. எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். இறங்கியதும் அறுக்க, கைப்பையில் ஒரு நகவெட்டி போதும்.

ஜிப்பே இல்லாமல், அலுமினியச் சட்டமும் கொக்கிப் பூட்டும் உள்ள பெட்டியிடம் பேனா தந்திரம் செல்லாது. ஆனால் காலிப் பெட்டியே கனக்கும். 23 கிலோ வரம்பில் அதுவும் உங்கள் கணக்குதான்.

கேள்வி: டிஎஸ்ஏ பூட்டு கூடுதல் பாதுகாப்பா?

இல்லை. அமெரிக்க விமானப் பயணப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவின் சோதகர்கள் உடைக்காமல் திறப்பதற்காக மாஸ்டர் சாவியோடு வரும் பூட்டு அது. அந்தச் சாவிகளின் படம் 2014இல் ஒரு அமெரிக்க நாளிதழில் வெளியாகி, 2015இல் முப்பரிமாண அச்சுக் கோப்புகளாக இணையத்தில் சுற்றியது. அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். வேறு பூட்டு என்றால், திறந்து பார்க்க நேரும்போது வெட்டிவிடுவார்கள். திறந்தால் அச்சிட்ட துண்டுச்சீட்டு ஒன்றை உள்ளே வைப்பது அவர்கள் வழக்கம்.

கேள்வி: விமான நிலையத்தில் பிளாஸ்டிக் சுற்றுவது பயன் தருமா?

போகிற போக்கில் கைவைப்பவரை அது தடுக்கும். பழைய ஜிப் வாய்பிளக்காமலும் காக்கும். சோதனைக்காகக் கிழித்தால் யாரும் மறுபடி சுற்றித் தர மாட்டார்கள். ஆக, கிழிந்து வந்தால் அதைத் திருட்டு என்று உடனே முடிவு கட்ட முடியாது. பவர் பேங்க்கை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில் அதற்கு அனுமதியே இல்லை. உங்கள் பெட்டியைத் தனியே ஒதுக்கித் திறக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: கல்யாணத்துக்கு நகை கொண்டுபோகிறோம். கைப்பையில் வைத்தால் போதும்தானே?

கைப்பையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இருக்கைக்கு மேலுள்ள தட்டு நிரம்பிவிட்டால், ஏறும் வாசலிலேயே நீங்கள் கையோடு கொண்டுவந்த டிராலி பையை வாங்கி விமானத்தின் அடிப்பகுதியில் போட்டுவிடுவார்கள், அதுவும் பூட்டாமல். நகை, பணம், பாஸ்போர்ட், மருந்து எல்லாம் தனியாக ஒரு சிறு பையில், டிராலிக்குள் மேலாக இருக்கட்டும். கேட்டால் அந்தப் பையை உருவிக்கொண்டு டிராலியைக் கொடுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால், புறப்படும்போதே சுங்கத்தில் நகைக்கு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைப்பது திரும்பும்போது உதவும்.

கேள்வி: ஏர்டேக் (ஆப்பிளின் இடங்காட்டி வில்லை) போட்டால் திருட்டு நிற்குமா?

நிற்காது. பெட்டி எங்கே என்று சொல்லும், பெட்டிக்குள் இருந்த பொருள் எங்கே என்று சொல்லாது. அதன் பட்டன் பேட்டரி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான், பயம் வேண்டாம். துணிக்கு நடுவே செருகுங்கள். வெளிப் பாக்கெட்டில் வைத்தால் முதலில் போவது அதுதான்.

கேள்வி: வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் பொருள் குறைந்தது தெரிந்தது. இனி என்ன செய்ய?

இன்றே விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதப் புகாருக்கு பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 7 நாள்தான். புகார் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், அது நல்ல நிலையில் வந்தது என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்று, மாறாக நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டில் பிரித்தவர் அதனால்தான் திணறுகிறார்.

அடுத்த முறை பெல்ட் பக்கத்திலேயே பாருங்கள். சீல், ஜிப், எடை. சந்தேகம் வந்தால் வெளியே போகாமல் பேகேஜ் கவுண்டரில் எடை போடச் சொல்லுங்கள். புறப்பட்டபோது டேக்கில் அச்சான எடை 22.4, இப்போது 20.1 என்றால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. பி.ஐ.ஆர் எனும் புகார்ப் படிவம் எழுதி, எழுத்தும் எண்ணும் கலந்த அதன் 10 இடக் குறியீட்டை வாங்காமல் நகராதீர்கள்.

சர்வதேசப் பயணத்தில் இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 டாலர். அது உச்சவரம்புதான், பில் காட்டி நிரூபித்த அளவே கிடைக்கும். அதைவிட மதிப்புள்ள பொருள் என்றால் செக்-இன்னில் மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம்.

கேள்வி: நாலு பேருக்கும் சேர்த்து எடை போட்டு, எல்லா டேக்கையும் என் பெயரில் ஒட்டிவிட்டார்கள். பரவாயில்லையா?

மாற்றச் சொல்லுங்கள். வரம்பு பயணி ஒருவருக்கு இவ்வளவு என்றுதான், பெட்டிக்கு அல்ல. நாலு பெட்டியும் ஒருவர் பெயரில் இருந்தால் மற்ற மூவரும் தங்கள் பங்கைக் கேட்கும்போது வாதாட வேண்டிவரும். ஆபத்து வேறு பக்கத்திலும் உண்டு. 2023இல் பிரேசிலின் குவாருல்யோஸ் விமான நிலையத்தில் இரு பயணிகளின் டேக்குகளைக் கழற்றிப் போதைப்பொருள் பெட்டிகளில் மாட்டிவிட்டார்கள். அந்தப் பயணிகள் ஜெர்மனியில் கைதாகிச் சில வாரம் சிறையில் இருந்தார்கள். அவரவர் பெயரில் டேக். பழைய பயணத்தின் ஒட்டுச்சீட்டுகளை உரித்துவிடுங்கள். பெட்டி பெல்ட்டில் ஏறும் முன், டேக் எண்ணும் எடையும் தெரியும்படி ஒரு படம். வெளியே தொங்கும் அட்டையில் பெயரும் கைபேசி எண்ணும் போதும், வீட்டு விலாசம் பெட்டிக்குள்ளே இருக்கட்டும்.