நம்பர் ஏறாத மனு செல்லாது: பெங்களூர் அரசு அலுவலகங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி (ஸ்ரீராம்புரம்): அண்ணா, வருமானச் சான்றுக்கு நாடகச்சேரியில் மனு கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. போனா "நாளைக்கு வாங்க"ங்கிறாங்க. அரசு சேவையைக் கெடுவுக்குள்ள தரணும்ங்கிற சகாலா சட்டத்துல ஏதாவது வழி இருக்கா?

பதில்: (நாடகக் கச்சேரி என்று படித்துவிடாதீர்கள், ஹோப்ளி என்ற தாலுகா உட்பிரிவுக்கான துணைத் தாசில்தார் அலுவலகம்.) முதலில் கையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். சகாலாவில் மனு பதிவானதற்கான 15 இலக்க ஜி.எஸ்.சி. நம்பர் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். வெறும் முத்திரை குத்திய நகல் என்றால் சகாலா கணக்கில் உங்கள் மனு பிறக்கவே இல்லை. கோப்பைக் கவனிக்கும் குமாஸ்தா (கேஸ் வொர்க்கர்) "வச்சிட்டுப் போங்க, அப்புறம் ஏத்திக்கிறேன்" என்பதே அதற்காகத்தான். கம்ப்யூட்டரில் ஏற்றினால் நாள் ஓட ஆரம்பித்துவிடும். நம்பர் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

நம்பர் இருந்து கெடு தாண்டியிருந்தால், அன்றிலிருந்து 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு போடலாம். நஷ்டஈடு நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. தாமதித்த அலுவலரின் சம்பளத்தில் அது பிடிக்கப்படும்.

கேள்வி (மர்பி டவுன்): சகாலா 2012லேயே நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் எல்லாம் நேரத்துக்கு முடிகிறது, ஜனங்கள் மட்டும் அலைகிறார்களே, எப்படி சார்?

பதில்: தள்ளுபடியும் 'முடித்த' கணக்கில்தான் வரும். கெடுவுக்கு முந்தின நாள் "ஆவணம் போதாது" என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடிவிடும், தாமதமும் பதிவாகாது. நீங்கள் புது மனு போட்டால் நாள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே எந்த ஆவணம், எந்த விதிப்படி குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பழைய நம்பரிலேயே மேல்முறையீடு செய்யுங்கள்.

நஷ்டஈட்டைக் கேட்க யாருக்கும் தைரியம் வராது. அடுத்த மாதம் சாதிச் சான்றுக்கு அதே மேஜை முன்னால்தானே நிற்கணும்! கேட்காமலே கணக்கில் விழும்படி செய்யாதவரை அந்த 20 ரூபாய்க்கு யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது என் கருத்து.

கேள்வி (அல்சூர்): ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுவைத் தமிழில் எழுதலாமா?

பதில்: கர்நாடக அலுவலகத்துக்குக் கன்னடம், ஆங்கிலம், இந்தி இவற்றில் ஒன்றில் எழுத வேண்டும். எழுத வராதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அலுவலரின் கடமை. பிரிவு 6(1) அப்படித்தான் சொல்கிறது. கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி மனு 150 வார்த்தைக்குள், ஒரே விஷயம் பற்றி இருக்கணும். இதைக் கவனிக்காமல் மூன்று பக்கம் எழுதித் திருப்பி வாங்குகிறவர்கள் நிறைய.

"ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்பது ஆவணம் இல்லை, அதனால் தட்டிக்கழிப்பது சுலபம். இப்படிக் கேளுங்கள்: "இந்த நம்பர் மனு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த அலுவலரிடம் இருந்தது? அவர் பெயர், பதவி, கோப்பின் குறிப்புத் தாள் நகல் தேவை." இப்படிக் கேட்டபின் பல கோப்புகள் தானாக நகரும். பதில் தர 30 நாள். காரணமில்லாமல் இழுத்தால் தகவல் ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். இதற்குக் கொஞ்சம் பயம் உண்டு.

கேள்வி (கே.ஆர்.புரம்): எல்லாம் ஆன்லைன் ஆகியும் ஏன் சார் மாறல?

பதில்: கவுன்டரை மட்டும் கம்ப்யூட்டராக்கி, உள்ளே கோப்பை எடுக்கும் வரிசையைக் குமாஸ்தா கையிலேயே விட்டால் பழைய கதைதான். 'பூமி' திட்டத்தைப் பாருங்கள். 2000வாக்கில், கிராமக் கணக்கர்கள் கையால் எழுதி வைத்திருந்த நிலப் பதிவுகள் தாலுகா கணினிக்குப் போயின. 15 ரூபாய்க்கு யாரும் பஹணி (நிலப் பதிவு நகல்) வாங்கலாம் என்று ஆனது. அதைவிடப் பெரிய மாற்றம், நிலத்தின் பெயர் மாற்ற மனுக்களில் முதலில் வந்தது முதலில் என்ற வரிசையைக் கணினியே பிடித்துக்கொண்டது. ஒன்றைத் தாண்டி அடுத்ததை எடுத்தால் தடயம் மிஞ்சும். நேரில் போய் விசாரிக்கும் வேலை மட்டும் மனிதர் கையில் தங்கியது. பேரமும் அங்கே தங்கியது.

கேள்வி (சிவாஜி நகர்): அதிகாரி ஒருத்தர் புரிஞ்சுக்கிறதுக்குள்ள மாத்திடறாங்களே?

பதில்: 2013 அக்டோபரில் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம், இடமாற்றத்துக்குக் குடிமைப் பணி வாரியம், வாய்மொழி உத்தரவைக் குறித்துவைக்கும் பழக்கம் மூன்றையும் வலியுறுத்தியது. வாரியம் பரிந்துரைக்கத்தான் முடியும். முடிவு அரசியல் தலைமையிடம். கர்நாடகத்தில் ஆசிரியர் இடமாற்றத்துக்குத் தனிச் சட்டமும் கலந்தாய்வும் உண்டு; காலியிடம் எல்லார் கண்ணுக்கும் தெரிவதால் சிபாரிசுக்கு இடம் சுருங்கியது. மற்ற துறைகள் இதைத்தான் காப்பியடிக்கணும்.

கேள்வி (லிங்கராஜபுரம்): சீர்திருத்த ஆணையங்களால் பயன் உண்டா?

பதில்: தாமதமாக. 1966இல் முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், ஊழல் புகார்களை விசாரிக்க லோக்பால் வேண்டும் என்றது. சட்டம் வந்தது 2013இல். மொரார்ஜி தேசாய்க்குப் பின் அந்த ஆணையத்துக்குத் தலைமை வகித்த முன்னாள் முதல்வர் கெங்கல் ஹனுமந்தையாதான் "அரசு வேலை கடவுள் வேலை" என்று பொறித்த சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவைக் கட்டியவர். 2005இன் இரண்டாம் ஆணையத்துக்கும் கர்நாடக முன்னாள் முதல்வர்தான், வீரப்ப மொய்லி, 15 அறிக்கைகள்!

கேள்வி (காக்ஸ் டவுன்): காசு கேட்டா?

பதில்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுத்தவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். கொடுக்கும் முன்பே மாநில ஊழல் விசாரணை அமைப்பான லோகாயுக்தாவின் போலீசுக்குப் போவது இன்னும் நல்லது. பொறி வைக்க அவர்களுக்கும் நேரம் கிடைக்கும்.