தினம் ஒரு வாக்கியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோபி பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேனுங்க. தினமும் முதல் பத்து நிமிடம் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, எழுவாய் எது, வினை எது, எந்தத் தொடர் எதோடு சேரும் என்று பிள்ளைகளைப் பிரிக்க வைக்கிறேன். "இதெல்லாம் அந்தக் காலத்து முறை, ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுங்க" என்கிறார்கள் உடன் வேலை செய்கிறவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பெற்றோர்களும் அதையேதான் கேட்கிறார்கள். தொடர்வதா, விட்டுவிடுவதா?

– ஓர் ஆங்கில ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

விட வேண்டாம். ஆனால் அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

முறை பழையதுதான். 1877இல் அமெரிக்காவில் ரீடு, கெல்லாக் என்ற இருவர் தங்கள் பாடநூலில் வாக்கியத்தைக் கோடுகளால் வரைந்து காட்டினார்கள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே அடிக்கோட்டை வெட்டிப் போகும் ஒரு கோடு, செயப்படுபொருளுக்கு முன்னால் வெட்டாமல் நிற்கும் இன்னொரு கோடு. அமெரிக்கப் பள்ளிகளில் வெகுகாலம் அதுதான் ஓடியது. 1963இல் எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்த பிராடாக் குழுவின் அறிக்கை, இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை, எழுதிப் பழகும் நேரத்தை அது பிடுங்கிக்கொள்வதால் கெடுதல்கூட உண்டு என்றது. 2007இல் கிரகாம், பெரின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இலக்கணப் பாடம் தேறவில்லை. ஆனால் சிறு வாக்கியங்களைச் சேர்த்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சிக்கு அதே தொகுப்பில் நல்ல பலன் தெரிந்தது.

சரி, அந்த ஆய்வுகளில் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலச் சூழலிலேயே வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு இடத்தில்.

'கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் வயல் இருக்கிற விவசாயிகள் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள்.' இதில் முற்று ஒன்றுதான், அதுவும் கடைசியில். 'இருக்கிற' என்பது பெயரெச்சம், அங்கே வாக்கியம் நிற்காது என்று பிள்ளையின் காதுக்கே தெரியும். இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள்: 'தி ஃபார்மர்ஸ் ஹூஸ் ஃபீல்ட்ஸ் லை அட் தி டெயில் எண்ட் ஆஃப் தி கெனால் ஆர் வெயிட்டிங் ஃபார் வாட்டர்.' இங்கே 'லை' என்பதும் முற்று, 'ஆர் வெயிட்டிங்' என்பதும் முற்று. பிள்ளை 'லை' வந்ததும் வாக்கியம் முடிந்தது என்று நினைத்து, மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும். அதுவே எழுதும்போது, 'தி பாய் கேம் எஸ்டர்டே இஸ் மை பிரதர்' என்று வரும். நேற்று வந்த பையன் என்று சொல்லத் தமிழில் தனி இணைப்புச் சொல் எதுவும் தேவையில்லை, 'வந்த' என்பதற்குள்ளேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது. அதனால் 'ஹூ' தேவைப்படுவதே பிள்ளைக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே உங்கள் பத்து நிமிடத்தை எழுவாயில் ஆரம்பிக்காதீர்கள். முற்றுவினை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று முற்று இருந்தால் இரண்டு இணைப்புச் சொல் இருக்க வேண்டும். 'தி மேன் ஐ சா' என்பதுபோலச் சில இடங்களில் அது மறைந்திருக்கும், அதையும் தேடச் சொல்லலாம். அப்புறம் ஒவ்வொரு முற்றுக்கும் 'யார்?' என்று கேட்டால் எழுவாய் தானாக வந்து நிற்கும். முற்றும் எச்சமும் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்தவைதானே, அந்தப் பேர்களையே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

'ஆல்தோ' என்று தொடங்கும் துணை வாக்கியத்துக்கு 'அட்வெர்ப் கிளாஸ் ஆஃப் கன்செஷன்' என்று பேர் சொல்ல வைப்பதை மட்டும் விட்டுவிடலாம். அந்த 1963 அறிக்கை சொன்ன குறை அந்த மாதிரி வேலைக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். அந்த நேரத்தில், பிரித்த வாக்கியத்தை மூன்று துண்டாக எழுதிப் போட்டு, புத்தகத்தை மூடச் சொல்லி, மறுபடி ஒன்றாக்கச் சொல்லுங்கள். சேர்க்கும்போதுதான் 'ஹூஸ்' எதற்கு என்பது கைக்குப் பிடிபடும்.

அந்தக் காலத்து முறை என்கிறவர்களுக்கு ஒன்று. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக அவர் சொன்ன எட்டுப் பொருள்கோளில் கொண்டுகூட்டும் ஒன்று. செய்யுளில் எங்கோ கிடக்கிற சொல்லை எடுத்து, பொருந்துகிற சொல்லோடு சேர்த்துப் படிப்பது. தமிழய்யா செய்யுளை இப்படிப் பிரித்து நடத்தும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை!

பெற்றோர் கேட்பதும் தப்பில்லை. வாக்கியத்தைப் பிரிப்பதால் பேச்சு வந்துவிடாது, பேசினால்தான் வரும். அதற்கு வாரத்தில் இரண்டு வகுப்பைத் தனியாக ஒதுக்குங்கள், இந்தப் பத்து நிமிடத்தில் கை வைக்க வேண்டாம். வாக்கியங்களைப் பாடப்புத்தகத்திலிருந்தே எடுங்கள். எப்படியும் நடத்த வேண்டிய பாடம், தலைமையாசிரியர் கேட்டாலும் பதில் சொல்லச் சுலபம்.