பஸ் ஏறிய மச்சினன்

கேள்வி: 9 வருடமாகத் தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்குச் செருப்பில்லாமல் நடக்கிறேன். இந்த வருடம் புதிதாக வந்த என் மச்சினன் ஷூ போட்டு நடந்தான். ஒட்டன்சத்திரத்தில் முடியவில்லை என்று பஸ் ஏறிவிட்டான். அடிவாரத்தில் எல்லார் முன்னாலும், "பஸ்ஸில் வந்தவனுக்கு எதற்கு மாலை?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து பேச்சில்லை. நான் கேட்டது தப்பா?
— வாசகர், காரைக்குடி

பதில்: தப்புதான்.

வந்த வழியை மனசுக்குள் இன்னொரு தரம் நடந்து பாருங்கள். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று 150 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் பந்தல், சுக்குக் காபி, சாப்பாடு. யாரோ ஒருவர் உங்கள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தைலம் தேய்த்திருப்பார். எத்தனை வருடமாக நடக்கிறீர்கள் என்று அவர் கேட்டாரா?

நானும் வருடக் கணக்கு வைத்திருந்தவன்தான். நான்காவது வருடம், நத்தம் தாண்டிக் கொப்புளம் உடைந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடை அம்மா ஒருவர் தன் வீட்டுப் பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டு, "மாட்டிக்கிட்டுப் போ சாமி, முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்றார். திண்டுக்கல் வரை அதில்தான் நடந்தேன். கூட வந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலையில் அந்த அம்மாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

பழனியில் 693 படி ஏறுகிறோம். நடுவில் இடும்பன் சன்னதியில் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறோம். இரண்டு மலையைக் காவடியாகச் சுமந்து வந்தவன் அவன். அவ்வளவு சுமந்தவன், மலைமேல் நின்ற ஆண்டிச் சிறுவனை யாரென்று தெரியாமல் மல்லுக்கு இழுத்து விழுந்தான். இந்தக் கதையை வருடா வருடம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டேதான் நாமும் அதட்டுகிறோம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? போன் வேண்டாம், நேரில் போங்கள். பஞ்சாமிர்த டப்பாவோடு போகாதீர்கள், பிரசாதம் கொடுக்க வந்த கணக்கில் முடிந்துவிடும். எல்லார் முன்னாலும் பேசியது என்பதால், அன்றைக்கு அங்கே நின்ற இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். அடுத்தாற்போல் "ஆனாலும்" என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வரும். அதை அப்படியே விழுங்கிவிடுங்கள்.

அப்புறம், அடுத்த வருடம் முன்னால் நடக்காதீர்கள். டார்ச் லைட்டோடு கடைசி ஆளாக வாருங்கள். மச்சினன் வந்தால், அவர் வேகம்தான் உங்கள் வேகம். ஒட்டன்சத்திரத்தில் மறுபடியும் முடியவில்லை என்றால், ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பிடித்துக் கொடுங்கள்.