விடுதலைக்கு மறுநாள் துப்பாக்கி யார் கையில்?

கேள்வி: புதிதாக உருவாகும் நாடுகள் பலவும் கொஞ்ச காலத்திலேயே ராணுவத்தின் பிடியில் சிக்கிக்கொள்கின்றனவே, ஆயுதப் போராட்டத்தில் பிறந்ததுதான் காரணமா?

பதில்: அது மட்டும் இல்லை. ஆயுதப் போர் நடத்தாமலே விடுதலை பெற்ற காங்கோவைப் பாருங்கள். 1960 ஜூன் 30-இல் பெல்ஜியம் வெளியேறியது, ஆனால் படை அப்படியே இருந்தது, அதில் அதிகாரிகள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். ஜூலை 5 அன்று தளபதி ஜான்சென்ஸ் வீரர்களைக் கூட்டி, கரும்பலகையில் 'விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்' என்று எழுதிக் காட்டினார். அன்றைக்கே கலகம் வெடித்தது. அதை அடக்கப் பிரதமர் லுமும்பா படையில் பெரிய பதவி கொடுத்து உட்காரவைத்த மொபுட்டுதான் செப்டம்பரில் அவரையே ஓரங்கட்டினார். அடுத்த ஜனவரியில் லுமும்பாவைக் கொன்றுவிட்டார்கள். மொபுட்டு 1965-இல் ஆட்சியையும் பிடித்து 1997 வரை நகரவில்லை.

எத்தியோப்பியாவிடமிருந்து பிரிந்த எரித்ரியா நேர் எதிர். முப்பது வருடப் போர், அபாரமான தியாகம், 1993-இல் தனி நாடு. ஆனால் போரை நடத்திய இயக்கமே அரசாகிவிட்டது, இன்றுவரை தேசியத் தேர்தல் கிடையாது. கட்டாய சேவை சட்டப்படி 18 மாதம்தான். 1998-இல் எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர் வந்த பிறகு அதற்கு முடிவே இல்லாமல் போனது. இருபது வயதில் போனவன் நாற்பதிலும் சீருடையில் இருக்கிறான் என்றால் அவன் யாருக்காக விடுதலை வாங்கினான்? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆக, எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதைவிட, சண்டை முடிந்ததும் படைக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், உத்தரவு யார் போடுகிறார்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்குப் பிழைப்பு இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கிழக்குத் திமோர் 2002-இல் நாடானது. நாலே வருடத்தில், பாரபட்சம் என்று புகார் சொல்லி வெளியேறிய சுமார் 600 வீரர்களை நீக்கப்போய்த் தலைநகர் டிலியே எரிந்தது.

கேள்வி: சரி, தப்பித்த நாடு ஒன்றாவது உண்டா?

பதில்: அயர்லாந்து. அதுவும் சுத்தமான கதை இல்லை. 1922-23 உள்நாட்டுப் போரில் புதிய அரசு, பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கையை ஏற்காத எதிரணியினர் 70-க்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. 1924-இல் ஆட்குறைப்பை எதிர்த்து அதிகாரிகளில் ஒரு பிரிவு மிரட்டியபோது அமைச்சரவை பணியவில்லை, கூடவே படைத் தலைமையையும் பதவி விலக வைத்தது. அதனால்தான் 1932 தேர்தலில், போரில் தோற்ற பக்கம் நின்ற டி வலேரா ஜெயித்தபோது ராணுவம் குறுக்கே வரவில்லை. அவர் கட்சி உறுப்பினர்கள் சிலர் பயந்துபோய்ப் பைக்குள் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்கு வந்தார்கள் என்று சொல்வதுண்டு. அதற்கு வேலையே வரவில்லை.