செலிமியே பாசறை: ஒரு கட்டடம், பல வேலைகள் (கேள்வி பதில்)

இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் இருக்கும் செலிமியே, மருத்துவமனையாகவே கட்டப்பட்டதா?

இல்லை. துருக்கியை ஆண்ட ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் செலிம், தாம் புதிதாகத் திரட்டிய படைக்காக 1800-ல் மரத்தால் கட்டிய பாசறை அது. பழைய ஜானிசரி படைக்கு இந்தப் புதுப்படையைக் கண்டாலே ஆகாது. அவர்கள் கலகத்தில் பாசறை எரிந்துபோனது. பின்னால் வந்த சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1825-28-ல் அதைக் கல்லால் கட்டினார். ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரின்போது (1853-56) நேசநாடான பிரிட்டனுக்குப் பக்கத்திலிருந்த ராணுவ மருத்துவமனையைக் கொடுத்தார்கள். அது நிரம்பியதும் பாசறைத் தாழ்வாரங்களிலும் காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள்.

நர்சிங் படிக்கிறேன். நவீன நர்சிங்கின் முன்னோடியான ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே வந்ததும் சாவு குறைந்தது என்று படித்தோம், சரிதானா?

உடனே குறையவில்லை அம்மா. 38 பெண்களோடு அவர் வந்தது 1854 நவம்பரில். குளிர்காலம் முழுக்கச் சாவு ஏறிக்கொண்டேதான் போனது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். காரணம் தரைக்கு அடியில் இருந்தது. சாக்கடை அடைத்துக் கிடந்தது; காற்றடித்தால் கழிப்பறைக் குழாய் வழியாக நாற்றம் திரும்பி, படுக்கைகள் இருந்த தாழ்வாரத்துக்கே வந்தது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவிவிட்டது, செத்த விலங்குகளை அப்புறப்படுத்தியது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூனில் சாவு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிவிட்டது. இதனால் அவர் பெருமை குறையாது. அந்தக் கணக்குகளை முன்வைத்துத்தான், காற்றோட்டமான தனித்தனி வார்டுகளாக மருத்துவமனை கட்ட வேண்டும் என்று பிற்பாடு அவர் போராடினார். இரவில் நோயாளிகளைப் பார்க்க அவர் ஏந்திச் சென்ற விளக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் இந்தச் சாக்கடையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

போருக்கு அப்புறம்?

திரும்பவும் பாசறைதான். 1959 முதல் 1963 வரை ராணுவப் பள்ளி. பிறகு துருக்கியின் முதலாம் ராணுவத் தலைமையகம்.

அடுத்த மாதம் இஸ்தான்புல் போகிறோம். உள்ளே விடுவார்களா?

கோபுரம் ஒன்றில் நைட்டிங்கேல் அருங்காட்சியகம் இருக்கிறது. ராணுவ இடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் ஹாரெம் படகுத்துறைப் பக்கம் போங்கள். மேட்டின் மேல் அதன் மூலைக் கோபுரங்கள் நன்றாகவே தெரியும். அப்படியே ஹைதர்பாஷா கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வாருங்கள். அந்தக் குளிர்காலத்தில் இறந்த சிப்பாய்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயர்க்கல் இல்லாமல்.